செவிலியின் மகள்: பிள்ளைமைப் பிணைப்பும் பாலாற்றங்கரைத் தாயரும்

வேலூர், இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்னும் பாலாற்றங்கரை ஊர்கள் தோல் தொழிலால் பெயர் பெற்றவை. இத்தொழிலால் ஆறு கெட்ட வரலாற்றினைப் பலரும் அறிவர்; 1996-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு அதனை நாடறியச் செய்தது. ஆற்றைப் பற்றி எழுந்த பேச்சு, தொட்டிலைப் பற்றி அத்துணை எழவில்லை. எழுந்தவிடத்தும், தொழிற்சாலைக்குச் செல்லும் தாயின் பிள்ளை தாயன்பு அறியாது வளரும் என்னும் ஒரு முடிபே ஆராயாமல் கூறப்படுகின்றது. அம்முடிபிற்குச் சான்றாகத் தாலாட்டையும் பிள்ளைத்தமிழையும் எடுத்துக்காட்டுவாரும் உளர். தாய் எந்நேரமும் தொட்டிலருகே இருந்தாள், பாடினாள். இன்றைய தாய் இல்லை, பாடவில்லை என்பது அவர்தம் கருத்து.

நம் இலக்கியம் உண்மையில் அவ்வாறு கூறுகின்றதா? பிள்ளை யாரைப் பற்றி வளர்கின்றது, எதனால் பற்றுகின்றது என்பவற்றைப் பற்றி அது கொண்ட கருத்து யாது? இவ்விரு வினாக்களையும் ஈண்டு ஆராய்வோம். இலக்கியத்தைத் தவறாகப் படித்து, அப்படிப்பினால் வாழும் மகளிர்மேல் பழி சுமத்துதல் திறனாய்வார்க்கு அழகன்று.

நற்றாயும் செவிலியும்

தமிழ் அகப்பொருள் மரபில் தலைவிக்குத் தாயர் இருவர். ஈன்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலி. இருவரையும் கூற்று நிகழ்த்துதற்குரியோராகத் தொல்காப்பியம் கொள்கின்றது. இவருள் செவிலியை வெறும் பணிமகளாகக் கருதுவார் பாடல்களைக் கூர்ந்து நோக்கினாரல்லர். தலைவி உடன்போயவழி மனைக்கண் இருந்து இரங்குபவள் நற்றாய். சுரத்திடைத் தேடிச் செல்பவள் செவிலி. குறுந்தொகை 44-ஆம் பாடலில் நடந்து நடந்து கால் தளர்பவளும், எதிர்வருவாரைப் பார்த்துப் பார்த்துக் கண்ணொளி குன்றுபவளும் அவளே. கலித்தொகை 9-ஆம் பாடலில் வழிவரும் அந்தணரை வினவுபவளும் அவளே. பின்னர்த் தலைவி மனையறம் நடத்தும் இல்லத்திற்குச் சென்று, அவள் தன் கையால் சமைத்ததனைக் கணவன் உவந்து உண்ணக் கண்டு, மீண்டு வந்து நற்றாய்க்கு உரைப்பவளும் செவிலியே என்பது குறுந்தொகை 167-ஆம் பாடலால் விளங்கும்.

பிரிவுத் துயரால் கால் நடக்கும் கடமையை மரபு வளர்த்தவளுக்கு அளித்தது ஏன்? பிணைப்பு என்பது ஈன்றதனால் மட்டும் அமைவதன்று. நாள்தோறும் கைக்கொண்டு வளர்த்தலால் அமைவது என்னும் தெளிவு அம்மரபிற்கு இருந்தது என்பதே விடையாகும். நற்றாயின் அன்பை அது குறைத்துக் கூறவில்லை. ஒரு பிள்ளைக்கு இரண்டு மடிகள் இருத்தல் கூடும் என்பதனைக் குறையாகவும் அது கருதவில்லை.

பெரியாழ்வார் தம் திருமொழியின் முதற்பத்தில் கண்ணனின் குழவிப் பருவத்தைப் பாடும்போது யசோதையாகவே ஆகின்றார். யசோதை ஈன்றவள் அல்லள், வளர்த்தவள். தமிழில் பிள்ளைத்தமிழ் என்னும் இலக்கிய வகைக்கு வித்தாக அமைந்த பாடல்கள் ஒரு வளர்ப்புத் தாயின் வாய்மொழியாகப் பிறந்தன என்பது நினைக்கத் தக்கது. தாயொருத்தியே, அவளும் ஈன்றவளே, எந்நேரமும் அருகிருந்தாலன்றிப் பிள்ளை அன்பறியாது என்பார்க்கு நம் இலக்கியம் துணை நிற்காது.

பருவங்களின் பொருள்

பிள்ளைத்தமிழின் பருவங்கள் பத்து. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்னும் ஏழும் ஆண்பாற்கும் பெண்பாற்கும் பொது. பாட்டியல் நூல்கள் காலவரையறையில் தம்முள் வேறுபடினும், 3-ஆம் திங்கள் முதல் 21-ஆம் திங்கள் வரை ஒற்றைப்படைத் திங்கள்களில் பருவங்களை அமைத்தல் பெருவழக்கு. அவ்வழக்கின்படி செங்கீரை 5-ஆம் திங்களிலும், தால் 7-ஆம் திங்களிலும், சப்பாணி 9-ஆம் திங்களிலும், முத்தம் 11-ஆம் திங்களிலும், வருகை 13-ஆம் திங்களிலும், அம்புலி 15-ஆம் திங்களிலும் அமையும்.

இப்பருவங்களைப் பிள்ளையின் உடல் வளர்ச்சிக்குரிய படிகளாக மட்டும் கொள்வது வழக்கம். அது போதாது. காப்பு ஒழிந்த பருவங்களின் வாய்பாட்டை நோக்குக. செங்கீரை ஆடுக என்றும், கை கொட்டுக என்றும், முத்தம் தருக என்றும், வருக என்றும் பிள்ளை விளிக்கப்படுகின்றது. முத்தப் பருவத்தில் வளர்ந்தோர் முத்தம் இடுவதாகக் கூறவில்லை. பிள்ளையிடம் முத்தம் வேண்டுகின்றனர். பெரியோர் கேட்பவராகவும் பிள்ளை கொடுப்பவராகவும் நிற்கும் நிலை இது. ஒருவர் அழைக்க மற்றவர் விடையளிக்க, அவ்விடையால் அழைத்தவர் மகிழ, அம்மகிழ்ச்சி கண்டு பிள்ளை மீண்டும் செய்ய, இவ்வாறு இருபாலும் சென்று மீளும் ஒரு உறவையே இப்பருவங்கள் இலக்கணமாக்கியுள்ளன. பிள்ளையின் மெய்தீண்டலைப் பெற்றோர் உடலுக்கும், அதன் மழலையைச் செவிக்கும் இன்பமாகத் திருவள்ளுவர் கூறியதும் இவ்வுறவின் மறுபக்கமே.

பெரியாழ்வார் இன்னும் ஒரு படி சென்றார். அவர் பாடிய 'அச்சோ'வில் தாய் பிள்ளையைத் தழுவ அழைக்கின்றாள்; அதனை அடுத்த 'புறம்புல்கல்' பகுதியிலோ பிள்ளை தானே வந்து தாயின் முதுகைத் தழுவுகின்றது. பிற்காலப் பாட்டியலார் வகுத்த பத்தினுள் புறம்புல்கலுக்கு இடமில்லை. பிள்ளை தானாக வந்து பற்றும் செயலை ஆழ்வார் கண்டார். இலக்கணம் அதனை விடுத்தது.

மேனாட்டு உளநூலார் இத்துறையில் கண்டவற்றை இதனோடு ஒப்பிடுதல் பயன் தரும். 1958-இல் ஹாரி ஹார்லோ என்பார் குரங்குக் குட்டிகளைக் கொண்டு செய்த ஆய்வில், பால் தரும் கம்பிப் பொம்மையை விட்டுப் பால் தராத துணிப் பொம்மையையே குட்டிகள் பற்றிக் கிடந்தன. உணவினும் தொடுகை பிணைப்பிற்கு அடிப்படை என்பது அதனால் விளங்கிற்று. தாயின் பழஞ்சேலையால் தூளி கட்டும் நம் மகளிர் அதனை என்றும் அறிந்திருந்தனர் எனலாம். ஜான் பவுல்பி என்னும் ஆங்கில மருத்துவர் 1951-இல் உலக நலவாழ்வு நிறுவனத்திற்காகத் தாயன்பு இழந்த குழந்தைகளைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். 1969-இல் பிணைப்பைப் பற்றிய தம் பெருநூலின் முதற்பகுதியை வெளியிட்டார். முன்னைய அறிக்கையைப் படித்தோர் பலர், தாய் ஒரு நாளும் பிள்ளையை விட்டு அகலலாகாது என்று பொருள் கொண்டனர். வேலைக்குச் செல்லும் மகளிர்மேல் பழி கூறுவார்க்கு அது படைக்கலமாயிற்று. ஆயின் பவுல்பியைத் தம் இளமையில் வளர்த்தவள் ஒரு செவிலியே. அவருக்கு நான்கு அகவை அளவில் அவள் பணி விட்டு நீங்கினாள். அப்பிரிவு தாயை இழந்தாற்போன்ற துயர் தந்ததாக அவரே பின்னாளில் நினைவுகூர்ந்தார். செவிலியின்மேல் பிள்ளை கொள்ளும் பற்று எத்தகையது என்பதற்கு அவர் வாழ்க்கையே சான்றாகின்றது.

அவருடன் பணிபுரிந்த மேரி ஐன்ஸ்வொர்த் அம்மையார், 1954, 1955-ஆம் ஆண்டுகளில் ஆப்பிரிக்காவின் உகாண்டா நாட்டுச் சிற்றூர்களில் 26 குடும்பங்களைக் கண்டு ஆராய்ந்தார். பின்னர் அமெரிக்காவில் 12 முதல் 18 திங்கள் அகவையுள்ள பிள்ளைகளை ஆராயும் முறையொன்றை வகுத்தார். தாய் சில நிமிடம் அறையை விட்டு நீங்குவாள், பின் மீள்வாள். பிள்ளை அழுததா என்பது அதில் தலையாய வினா அன்று. மீண்ட தாயைப் பிள்ளை எவ்வாறு ஏற்றது, ஏற்று ஆறுதல் பெற்றதா, மீண்டும் விளையாடச் சென்றதா என்பனவே அவர் நோக்கியவை. தாய் எத்தனை நாழிகை அருகிருந்தாள் என்பதனினும், பிள்ளையின் குறிப்பை உணர்ந்து எவ்வாறு விடையளித்தாள் என்பதே பிணைப்பின் தன்மையை வகுக்கின்றது என்பது அவர் ஆய்வின் சாரம். அவர் தேர்ந்த 12 முதல் 18 திங்கள் என்னும் காலம் நம் பாட்டியலார் வருகைக்கும் அம்புலிக்கும் வகுத்த காலமே. இந்த ஒற்றுமையைப் பெருமை பேசுதற்காக ஈண்டுக் கூறவில்லை. பிள்ளை நடக்கத் தொடங்கி, அகன்று சென்று, திரும்பி நோக்கும் காலம் எந்நாட்டிலும் ஒன்றே. நோக்கிய இரு சாராரும் அதனைக் கண்டனர்.

தோல் நிலத்துப் பிள்ளைகள்

இனிப் பாலாற்றங்கரைக்கு வருவோம். தோலைப் பதனிட்டு அனுப்புதலே முன்னாளில் இங்குத் தலையாய தொழில். 1973 முதல் பதனிடாத் தோலின் ஏற்றுமதியை அரசு தடுத்து, முடித்த பொருள்களின் ஏற்றுமதியை ஊக்கியது. அதன்பின் காலணித் தொழில் இங்கு வளர்ந்தது. பதனிடுதல் பெரும்பாலும் ஆடவர் தொழில். காலணி தைத்தல் பெரும்பாலும் மகளிர் கைப்பட்டது. சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்து மகளிரை ஏற்றிச் செல்லும் வண்டிகள் காலையில் புறப்பட்டு மாலையில் மீளும். மற்றொரு சாரார், 'அப்பர்' எனப்படும் காலணியின் மேற்பகுதியை வீட்டிலிருந்தே கையால் தைத்து, எண்ணிக்கைக்குக் கூலி பெறுகின்றனர்.

இம்மகளிரின் பிள்ளைகளுக்குச் சட்டம் வகுத்தவற்றைப் பருவங்களோடு இயைத்துக் காண்க. 1961-ஆம் ஆண்டின் மகப்பேற்று நலச் சட்டத்திற்கு 2017-இல் செய்த திருத்தம், முதல் இரு மகப்பேறுகளுக்கு ஊதியத்துடன் கூடிய விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக்கிற்று. அதில் 8 வாரம் வரை மகப்பேற்றுக்கு முன்னரே எடுக்கலாம். ஆகவே தாய் மீண்டும் வேலைக்குச் செல்லும் நாளில் பிள்ளை செங்கீரைக்கும் தாலுக்கும் இடையே நிற்கும். அரசு 1975-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணியின்கீழ், அங்கன்வாடியில் முன்பருவக் கல்வி 3 அகவை நிறைந்த பிள்ளைகளுக்கே உரியது. அதனினும் இளையோர்க்கு ஊட்டவுணவும் நலப்பணியும் உண்டு, பகற்பொழுதில் வைத்துக் காக்கும் ஏற்பாடு அதன் பொதுவமைப்பில் இல்லை. எனவே தால் முதல் சிறுதேர் வரை, பிள்ளைத்தமிழ் பாடிய பருவங்களுள் பெரும்பாலானவை விடுப்பு முடியும் நாளுக்கும் அங்கன்வாடி தொடங்கும் நாளுக்கும் இடையே விழுகின்றன. கவிஞர் எக்காலத்தைப் பாடினரோ, அக்காலமே காப்பாரின்றி நிற்கின்றது.

இவ்விடைவெளியைச் சட்டம் அறியாமல் இல்லை. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், 50 பெண்களுக்கு மேல் பணிபுரியும் தொழிற்சாலையில் 6 அகவைக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வேண்டும் என விதித்தது. 1976-இல் அவ்வெண்ணிக்கை 30 ஆகக் குறைக்கப்பட்டது. பிள்ளைக்கு 15 திங்கள் நிறையும்வரை பாலூட்டத் தாய்க்கு நாளும் இருமுறை இடைவேளை அளிக்கும் விதி 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இடம்பெற்றது. 15 திங்கள் என்பது அம்புலிப் பருவம் என்பதனை ஈண்டு நினைக. 50 பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் இடத்தில் காப்பகமும், தாய் நாளும் நான்குமுறை அங்குச் சென்று வரும் உரிமையும் 2017-ஆம் ஆண்டுத் திருத்தம் அளித்தது. இவ்வுரிமைகள் 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் எடுத்துக்கொள்ளப்பட்டன. 2022 முதல் நடைபெறும் 'பால்னா' திட்டம் 6 திங்கள் நிறைந்த பிள்ளைகளுக்கு அங்கன்வாடியுடன் காப்பகம் அமைக்க வழி செய்தது. அவ்விந்திச் சொல்லுக்கும் தொட்டில் என்பதே பொருள்.

ஆயினும் பாலூட்டும் இடைவேளை பயன்படுதற்குப் பிள்ளை எட்டும் தொலைவில் இருத்தல் வேண்டும். பிள்ளை பல கல் தொலைவிலுள்ள சிற்றூரில் பாட்டியிடம் இருப்பின், அவ்விடைவேளை எழுத்தளவில் நிற்கும். வீட்டிலிருந்து தைக்கும் மகளிர்க்கோ இவ்வுரிமைகள் எட்டுவதே அரிது. அவர்தம் பிள்ளைகள் தாயின் அருகிலேயே இருக்கின்றனர். ஆயின் எண்ணிக்கைக் கூலி, தாயின் கையையும் கண்ணையும் ஊசியிலேயே நிறுத்துகின்றது. சப்பாணி கொட்டும் பிள்ளைக்கு விடை கொட்ட அக்கை ஒழியவில்லை. அருகிருத்தல் வேறு, விடையளித்தல் வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

இந்நிலத்துப் பிள்ளைகளின் வளர்ச்சியை மருத்துவ உலகும் நெடுநாள் கவனித்து வருகின்றது. எட்டு நாட்டு ஆய்வொன்றில் இந்தியாவின் சார்பாக வேலூர் இடம்பெற்றது. வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியினர் நகர்ப்புற ஏழைக் குடியிருப்புகளில் பிறந்த 251 குழந்தைகளைப் பிறப்பு முதல் தொடர்ந்து நோக்கினர். நோயையும் உணவையும் மட்டும் அளவிடாமல், வீட்டுச் சூழலையும் தாயின் மனநிலையையும் உடன் ஆராய்ந்தனர். தாயின் மனநலம் பிள்ளையின் வளர்ச்சிக்குப் புறம்பானதன்று என்னும் கருத்து அவ்வாய்வு முறையிலேயே அடங்கியுள்ளது.

தேவகியின் இழப்பு

இதுகாறும் பிள்ளையின் பக்கம் நின்று நோக்கினோம். தாயின் பக்கம் ஒன்று உண்டு. அதனைப் பாடியவர் குலசேகராழ்வார். பெருமாள் திருமொழியின் ஏழாம் திருமொழியில் தேவகி புலம்புகின்றாள். மகன் உயிருடன் இருக்கின்றான். நலமாக வளர்ந்தும் விட்டான். அவள் துயர் அவன் கேட்டைப் பற்றியதன்று. தான் தாலாட்டவில்லை, அவன் பாலுண்டதைக் காணவில்லை, தவழ்ந்ததையும் தளர்நடையையும் காணவில்லை, அவன் உண்ட மிச்சிலை உண்ணும் பேறும் பெறவில்லை. இவையெல்லாம் யசோதை பெற்றாள் என்று ஏங்குகின்றாள்.

திறனாய்வார் இதனை அவலச் சுவைக்கு எடுத்துக்காட்டுவதோடு அமைவர். யாம் இதனைப் பிணைப்பிலக்கியத்தின் மறுபாதி எனக் கொள்வோம். பிள்ளை செவிலியிடம் குறைவின்றி வளர்ந்த போதும் ஈன்றவள் இழப்பது ஒன்று உண்டு. அவ்விழப்பு பிள்ளைக்குத் தீங்கு விளைந்தால்தான் உண்மை ஆகும் என்பதில்லை. மாலை வண்டியில் மீளும் தாய், பிள்ளை இன்று முதலடி வைத்தது என்று பாட்டி சொல்லக் கேட்கின்றாள் எனின், அவள் நிற்பது தேவகியின் இடம். பிள்ளைக்குக் கேடில்லை என்று அவளைத் தேற்றுதல் உண்மையில் பாதியே கூறுதலாகும். அவளைப் பழிப்பார் ஒருபால், குறையே இல்லை என்பார் ஒருபால். இருபாலாரும் குலசேகரரைப் படித்திலர்.

தோழி நின்ற இடம்

இனி ஒரு தடை எழும். செவிலி என்பாள் செல்வர் மனைக்கு உரியவள். பிறர் மகளை வளர்க்கும் பணியினள். அவளை உழைக்கும் ஏழைத் தாய்க்கு ஒப்பிடுதல் எங்ஙனம் பொருந்தும்? இத்தடைக்குத் தொல்காப்பியமே விடை வைத்துள்ளது. தோழி யார் என்னும் வினாவிற்கு, அவள் செவிலியின் மகள் என்று அந்நூல் இலக்கணம் கூறுகின்றது. உரையாசிரியர் பலர் இதனைத் தோழியின் தகுதி கூறும் விதியாகக் கொண்டு கடந்தனர். இதனுள் அடங்கிய வாழ்க்கை உண்மை பெரிது. செவிலி பிறர் மனையில் பணி செய்தாள். தன் மகளைப் பிரிந்து செய்யவில்லை. அவள் மகள் அம்மனையிலேயே உடன் வளர்ந்தாள், உடன் விளையாடினாள், வளர்ந்து தலைவியின் உயிர்த்துணையாகி, அகப்பாடல்களில் மிகுதியாகப் பேசும் மாந்தருள் ஒருத்தியானாள். உழைக்கும் தாயின் பிள்ளை, தாய் உழைக்கும் இடத்திலேயே வளர்ந்து, அறிவும் சொல்வன்மையும் உடையவளாக ஆதல் கூடும் என்பதற்குத் தமிழிலக்கியம் காட்டும் சான்று தோழி.

வயல் வேலைக்குச் சென்ற தாய் வரப்பு மரத்தில் தூளி கட்டியதும் இம்முறையின் தொடர்ச்சியே. கி. வா. ஜகந்நாதன் பதிப்பித்த 'மலையருவி' 1958-லும், நா. வானமாமலையின் 'தமிழர் நாட்டுப்பாடல்கள்' 1964-லும் வெளிவந்தன. இத்தகைய தொகுதிகளால் நாம் அறியும் தாலாட்டுகளில் மாமனும் அத்தையும் பாட்டியும் வரிசையாக வருவர். அழும் பிள்ளையிடம் உன்னை நோவச் செய்தவர் யார் என ஒவ்வொருவராக வினவுதல் மரபு. தாய் பாடும் பாட்டில் தாயே பிள்ளையைப் பலருக்கும் உரியதாக்குகின்றாள். தந்தையும் இவ்வட்டத்திற்குப் புறம்பானவன் அல்லன். சோற்றில் கையிட்டு மெய்யெங்கும் சிதறும் குழந்தையைக் கண்டு மகிழ்ந்து புறநானூற்று 188-ஆம் பாடலைப் பாடியவன் பாண்டியன் அறிவுடைநம்பி என்னும் அரசன்.

தொழிற்சாலை வாயில் இம்முறையை மாற்றிற்று. செவிலியின் உழைப்பை அது உள்ளே ஏற்றது. அவள் மகளை வெளியே நிறுத்திற்று. குறை தாய் வேலைக்குச் சென்றதில் இல்லை. தோழி நிற்றற்குரிய இடம் மூடப்பட்டதில் உள்ளது. காப்பகம் என்பது தொழிற்சாலை அளிக்கும் சலுகை அன்று. தொல்காப்பியர் காலம் முதல் உழைக்கும் தாயின் பிள்ளைக்கு இருந்த இடத்தின் இக்கால வடிவம்.

அவ்விடத்தை மதிப்பிடுதற்கு உரிய அளவுகோலையும் இலக்கியமே தருகின்றது. கட்டடமும் தொட்டில்களின் எண்ணிக்கையும் ஓரளவே உரைக்கும். வினவ வேண்டுவன வேறு. அங்குள்ள செவிலி நாள்தோறும் அவளேயா, அன்றி மாறிக்கொண்டே இருக்கின்றாளா? பிள்ளை கை கொட்டினால் விடை கொட்ட அவளுக்குக் கை ஒழிவு உண்டா? எத்தனை பிள்ளைகள் அவள் ஒருத்தியை நோக்கி நிற்கின்றனர்? தாய் இடையிடையே வந்து காணும் வழி உண்டா? மாலையில் அவள் மீளும்போது, அன்றைய பகலைச் செவிலி அவளுக்கு எடுத்துரைக்கின்றாளா? குறுந்தொகைச் செவிலி நற்றாய்க்கு உரைத்தது போன்ற அவ்வுரை, தேவகியின் இழப்பை முற்றும் தீர்க்காது, ஓரளவு ஆற்றும். வீட்டிலிருந்து பிள்ளையைக் காக்கும் பாட்டிக்கும் மூத்த மகளுக்கும் இவ்வினாக்கள் பொருந்தும். மூத்த மகள் செவிலியாதற்காகப் பள்ளியை இழப்பாளாயின், ஒரு பிள்ளையின் பருவத்தை மற்றொரு பிள்ளை விலையாகத் தருகின்றாள் என்பதனையும் மறத்தல் ஆகாது.

பிள்ளைத்தமிழைக் கற்பிக்கும் நம்மனோர் பருவங்களின் பெயரையும் திங்களையும் மனப்பாடமாக வரைவித்து நின்றுவிடுகின்றோம். நம் வகுப்பில் அமர்ந்திருக்கும் இப்பகுதி மாணவர் சிலரின் தாயர் காலணி தைப்பவர். அம்மாணவர் வருகைப் பருவத்தைக் கடந்தது பாட்டியின் கையைப் பிடித்து. தம் தாய் அந்நூலுக்குப் புறத்தே நின்றவள் என்று அவர் எண்ணுமாறு அதனைக் கற்பித்தல் நூலுக்கும் இழைக்கும் பிழையாகும். செவிலியும் நற்றாயும், யசோதையும் தேவகியும், செவிலியின் மகளாகிய தோழியும் ஒருங்கே நிற்கும் இலக்கியம் இது. அவருள் எவரையும் விடாது கற்பிப்பின், பாலாற்றங்கரைத் தாய்க்கும் அதனுள் இடம் உண்டு என்பது தானே விளங்கும்.